57 கிலோ சாம்பியனுக்கு ஏன் கூட்டம் வருவதில்லை?

ஞாயிறுகாலை_ரசிகன்

டெமெட்ரியஸ் ஜான்சனைப் பற்றி யார் எழுதினாலும் ‘எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர்களில் ஒருவர்’ என்று ஒரு வரி வந்துவிடும். 2012 செப்டம்பரில் டொராண்டோவில், எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சியின் முதல் ஃப்ளைவெய்ட் (57 கிலோ) சாம்பியன் ஆனார். 2017 அக்டோபர் வரை 11 முறை தொடர்ந்து பெல்ட்டைத் தக்கவைத்து, ஆண்டர்சன் சில்வாவின் சாதனையை முந்தினார். அந்தப் பதினோராவது ஃபைட்டில் ரே போர்க்கை அந்தரத்தில் தூக்கிப் போட்டு, அவர் தரையைத் தொடும்போதே கையைப் பூட்டி ஆர்ம்பாரில் முடித்தார். அடுத்த ஆகஸ்டில் ஹென்றி செஹூடோவிடம் மயிரிழையில் தோற்றார். அக்டோபரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற ஆசிய நிறுவனத்திடமிருந்து பென் ஆஸ்க்ரனை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இவரை அங்கே அனுப்பிவிட்டார்கள்.

யூஎஃப்சியின் மிகப் பெரிய நட்சத்திரமான கானர் மெக்ரெகரை யாராவது இப்படிக் கைமாற்றியிருப்பார்களா?

என் கட்சி இதுதான்: எடை குறைவு, அதனால் கூட்டம் வரவில்லை என்பது வெறும் சாக்கு. 57 கிலோ ஆளை விற்க நிறுவனம் மெனக்கெடவில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

ஹெவிவெய்ட்_ஹரி

வந்துவிட்டேன். விற்றார்கள் நண்பரே, வாங்கத்தான் ஆள் இல்லை.

2014 ஜூனில் யூஎஃப்சி 174-க்கு ஜான்சன்தான் மெயின் ஈவென்ட் (அன்றைய முதன்மை மோதல்), எதிராளி அலி பகவுத்தினோவ். பே-பெர்-வியூ (ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காசு கட்டி டிவியில் பார்ப்பது) விற்பனை ஒரு லட்சத்தை ஒட்டித்தான் இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. அதற்கு முன்னால், 2012ல் ஜான்சனும் பெனாவிடெஸும் மோதிய முதல் டைட்டில் ஃபைட்டிலேயே டொராண்டோ அரங்கம் கூச்சல் போட்டது. யூஎஃப்சி தலைவர் டேனா வைட் கடுப்பாகி, இது பிடிக்காதவர்கள் இனி எங்கள் பே-பெர்-வியூவை வாங்கவே வேண்டாம் என்கிற அளவுக்குப் பேசினார். அவர்களும் சொன்ன பேச்சைக் கேட்டு வாங்காமல் இருந்துவிட்டார்கள்.

நிபுணர்கள் ரசிப்பது வேறு, கூட்டம் ரசிப்பது வேறு. 120 கிலோ மனிதன் ஒரே குத்தில் சாய்ந்தால் அது புரிய எந்தப் படிப்பும் தேவையில்லை. 57 கிலோவில் 25 நிமிடம் விறுவிறுவென்று எல்லாம் நடக்கும், ஆனால் யாரும் விழ மாட்டார்கள். முடிவு நடுவர்களின் காகிதத்துக்குப் போகும். சனி இரவு காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு அது போதாது.

ஆர்ம்பார்_அண்ணாச்சி

தம்பி ஹரி, ‘யாரும் விழ மாட்டார்கள்’ என்று எழுதியபோது 2013 டிசம்பர் ஞாபகத்துக்கு வரவில்லையா? அதே பெனாவிடெஸை, அவர் பயிற்சி எடுத்துவந்த ஊரான சாக்ரமென்டோவில், முதல் ரவுண்டிலேயே ஜான்சன் நாக்அவுட் செய்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜான் மொராகாவுக்கு ஐந்தாவது ரவுண்டில் ஆர்ம்பார். 2015ல் மான்ட்ரியலில் ஹொரிகுச்சிக்கு ஐந்தாவது ரவுண்டு முடிய ஒரு நொடி இருக்கும்போது ஆர்ம்பார். இதெல்லாம் நடுவர்களின் காகிதமா?

இன்னொரு விஷயம். ஜான்சன் பெரிய ஃபைட்டர் ஆன பிறகும் கொஞ்ச காலம் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே சண்டைக்குப் போனவர். பேசினால் வீடியோ கேம், குழந்தைகள், பயிற்சி, இவ்வளவுதான். யாரையும் திட்ட மாட்டார். நாற்காலி வீச மாட்டார். இப்படி ஒருவரை எப்படி விற்பது என்று நிறுவனத்துக்குப் புரியவில்லை. அதுதான் அவர்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். 2017ல் ஜான்சனே வாய் திறந்தார்: 61 கிலோ பிரிவு ஆளான டில்லஷாவுடன் மோத ஒத்துக்கொள்ளாவிட்டால் ஃப்ளைவெய்ட் பிரிவையே மூடிவிடுவோம் என்று மிரட்டினார்கள் என்று. தன் கடைச் சரக்கைத் தானே மட்டம் தட்டினால் எவன் வாங்குவான்?

ஹெவிவெய்ட்_ஹரி

மொராகாவை ஜான்சன் வென்றது எங்கே அண்ணாச்சி? சியாட்டில். ஜான்சனின் சொந்த வட்டாரம். ஃபாக்ஸ் டிவியில் இலவச ஒளிபரப்பு, அவர்தான் மெயின் ஈவென்ட். சிகாகோ, சாக்ரமென்டோ, கான்சஸ் சிட்டி என்று சேர்த்து நான்கு முறை ஃபாக்ஸில் அவரைத் தலைப்பில் போட்டார்கள். மெக்ரெகருக்கு டப்ளின் கொடுத்த மாதிரியே இவருக்கு சியாட்டில் கொடுத்தார்கள். இதற்கு மேல் என்ன மெனக்கெட வேண்டும்?

கணக்குப்பிள்ளை

இரண்டு பேருமே உணர்ச்சிவசப்படுகிறீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பே-பெர்-வியூ எண்களை நிறுவனம் அதிகாரபூர்வமாகச் சொல்வதில்லை, பத்திரிகையாளர்கள் மதிப்பிட்டதுதான். எனவே தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோசே ஆல்டோ. ஃபெதர்வெய்ட், 65.8 கிலோ. 2014 அக்டோபரில் ரியோவில் சாட் மென்டெஸுடன் இரண்டாவது மோதல். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஃபைட்களில் ஒன்று என்று பலரும் சொன்னார்கள். விற்பனை இரண்டு லட்சத்தைத் தொடவில்லை. 2015 டிசம்பரில் அதே ஆல்டோ, அதே எடை, எதிரே மெக்ரெகர். விற்பனை 12 லட்சம். சண்டை 13 நொடியில் முடிந்தது.

14 மாதத்தில் ஆல்டோவின் உடம்பு பெருக்கவில்லை. நடுவில் நடந்தது என்ன? இருவரையும் ஊர் ஊராக அழைத்துப்போய் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். டப்ளினில் ஆல்டோ முன்னால் இருந்த பெல்ட்டை மெக்ரெகர் பறித்துத் தூக்கிக் காட்டினார், கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. பிறகு ஜூனில் ஆல்டோவுக்கு விலா எலும்பில் காயம், ஜூலையில் நடக்கவிருந்த ஃபைட் தள்ளிப்போனது. காத்திருப்பே விளம்பரமாகிவிட்டது. 2018 அக்டோபரில் லைட்வெய்ட்டில் கபீப்-மெக்ரெகர் மோதல் 24 லட்சம். யூஎஃப்சியின் உச்ச எண் 70 கிலோ ஆட்கள் இருவரால் வந்தது. எந்த ஹெவிவெய்ட்டும் அதன் பக்கத்தில் வரவில்லை.

அதனால் ‘எடையா, விளம்பரமா’ என்கிற கேள்வியே எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது. எதிராளி யார்? அதைக் கேளுங்கள். ஜான்சனுக்கு அப்படி ஓர் எதிரி வாய்க்கவே இல்லை. பெனாவிடெஸையும் டாட்சனையும் இரண்டு இரண்டு முறை வென்று முடித்துவிட்டார். பிரிவிலேயே வேறு ஆள் இல்லை.

ஹெவிவெய்ட்_ஹரி

70 கிலோவை ‘சின்ன எடை’ என்று எழுதி ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். நம் தலைப்பு 57. மெக்ரெகர் ஒரு விதிவிலக்கு. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வாய் அது. அந்த வாயை ஹெவிவெய்ட் உடம்பில் வைத்தால் 50 லட்சம் விற்றிருக்கும்.

கணக்குப்பிள்ளை

பெரிய உடம்பு போதும் என்றால் ஸ்டீபே மியோசிச் ஏன் சூப்பர் ஸ்டார் ஆகவில்லை? 2018 ஜனவரியில் இங்கானூவை வென்று, ஹெவிவெய்ட் பெல்ட்டைத் தொடர்ந்து மூன்று முறை காத்த முதல் யூஎஃப்சி சாம்பியன் ஆனார். நல்ல மனிதர், ஓஹையோவில் தீயணைப்பு வீரர். மெக்ரெகர் அளவுக்குக் கூட்டத்தை இழுக்கவில்லை. பிராக் லெஸ்னர் இழுத்தார் என்றால் அவர் மல்யுத்தப் பொழுதுபோக்கு மேடையிலிருந்து தன் ரசிகர்களைக் கூடவே கூட்டிவந்தவர்.

தீபா_கிக்பாக்சிங்

மூன்று அண்ணன்களும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ரோண்டா ரௌசி 61 கிலோ. 2015 நவம்பரில் மெல்போர்னில் அவரும் ஹோலி ஹோமும் மோதியபோது அரங்கில் 56,214 பேர். பத்து லட்சத்துக்கு மேல் பே-பெர்-வியூ. எடை குறைந்தால் கூட்டம் வராது என்றால் இது எந்தக் கணக்கில் வரும்? ரௌசி தோற்ற அந்த இரவுதான் இன்றும் எல்லோரும் திரும்பப் போட்டுப் பார்க்கும் இரவு.

52 கிலோவில் ஜாங் வெய்லியும் யோவான்னா யென்ஜெய்சிக்கும் 2020 மார்ச்சில் போட்ட ஃபைட்டை ‘பெண்கள் ஃபைட்களில் சிறந்தது’ என்று பலர் சொல்வார்கள். அந்த ‘பெண்கள்’ என்கிற சொல்லைத் தூக்கிவிட்டாலும் எனக்குச் சம்மதம். நடுவர்களின் காகிதத்துக்குத்தான் போனது ஹரி அண்ணா, யாரும் விழவில்லை. நீங்கள் அதை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போனீர்களா?

ஹெவிவெய்ட்_ஹரி

போகவில்லை. ஆனால் அன்றைய மெயின் ஈவென்ட் அடேசன்யாவும் ரொமேரோவும், 84 கிலோ. அதுதான் படு மொக்கை. என்றாலும் தலைப்பில் அதைத்தான் போட்டார்கள், கவனியுங்கள். என் வாதமே அதுதான். தரம் இருந்தும் ஏன் இரண்டாம் இடம்? விற்பவனுக்குத் தெரியும், எது விலை போகும் என்று.

ரௌசி விஷயம் வேறு. அவர் பெண்கள் பிரிவின் முதல் முகம். அவரோடு ஒப்பிட அந்த மேடையில் பெரிய பெண்கள் இல்லை. ஜான்சனை ஒப்பிட ஒரே கார்டில் (ஓர் இரவின் சண்டைப் பட்டியலில்) ஆறு பெரிய ஆண்கள் நிற்கிறார்கள். அமெரிக்க ஆணின் சராசரி எடை 90 கிலோ. ஜான்சன் 160 சென்டிமீட்டர் உயரம். பார்க்கிறவன் மனசுக்குள் ‘இவனை நானே தூக்கிப் போட்டுவிடுவேன்’ என்று நினைக்கிறான். நினைப்பது முட்டாள்தனம்தான், போனால் பத்து நொடியில் கை முறியும். ஆனால் டிக்கெட் வாங்குவது அந்த மனசுதானே?

ஞாயிறுகாலை_ரசிகன்

இது நல்ல இடம். அப்படியானால் பிரச்சினை எடையில் இல்லை, பார்க்கிறவர் எந்த ஊர் என்பதில் இருக்கிறது. நம் குழுவில் ஜப்பானில் இருக்கும் ஒருவர் உண்டே, எங்கே?

டோக்கியோ_வாசி

இங்கேதான், வேலை முடிந்து வந்தேன்.

ஜப்பானில் இந்த விவாதத்தையே யாரும் எடுக்க மாட்டார்கள். ‘கிட்’ யாமமோட்டோ என்று ஒருவர் இருந்தார். 163 சென்டிமீட்டர், அறுபது சொச்சம் கிலோ. 2004 டிசம்பர் 31 இரவு மசாட்டோவுடன் கிக்பாக்சிங் விதியில் மோதினார். புத்தாண்டு இரவு இங்கே குடும்பமே டிவி முன்னால் உட்காரும் நேரம். தோற்றார், ஆனால் முதல் ரவுண்டில் மசாட்டோவைக் கீழே விழ வைத்தார். நாடே பார்த்தது. 2006 மே மாதம் ஒலிம்பிக் மல்யுத்த வீரர் மியாட்டாவைப் பறந்து வந்த முழங்காலால் 4 நொடியில் முடித்தார். 2018ல் 41 வயதில் புற்றுநோயில் இறந்தபோது செய்தி வாசிப்பில் முதல் வரிசையில் வந்தது. அவர் யூஎஃப்சியில் ஒரு ஃபைட்கூட ஜெயிக்கவில்லை என்பது இங்கே யாருக்கும் பொருட்டே இல்லை.

சமீபத்துக்கு வந்தால், 2022 ஜூன் 19, டோக்கியோ டோம். டென்ஷின் நசுகாவா, டகேரு. 58 கிலோ. எம்எம்ஏ இல்லை, கிக்பாக்சிங்தான், ஆனால் பார்க்கும் கூட்டம் ஒன்றுதான். 56,399 பேர் அரங்கில். கடைசி நேரத்தில் டிவி நிறுவனம் ஒளிபரப்பிலிருந்து விலகிக்கொண்டது. இணையத்தில் காசு கட்டிப் பார்த்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். குத்துச்சண்டையில் நவோயா இனோவே 55 கிலோ. 2024 மே மாதம் அதே டோமை நிரப்பினார். அதற்கு முன்னால் அங்கே குத்துச்சண்டை தலைப்பில் நடந்தது 1990ல் டைசனும் டக்ளஸும் மோதியபோது.

ஹெவிவெய்ட்களை ஜப்பானியருக்குப் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. பிரைட் என்ற பழைய ஜப்பானிய எம்எம்ஏ நிறுவனத்தின் காலத்தில் பிரம்மாண்ட உடம்புகளைக் காட்டித்தான் கூட்டம் சேர்த்தார்கள். பாப் சாப் என்று 150 கிலோவுக்கு மேல் ஒருவர், விளம்பரமெல்லாம் அவர்தான். ஆனால் அவரை வேடிக்கை பார்த்தார்கள். யாமமோட்டோவைத் தங்கள் வீட்டுப் பையனாகப் பார்த்தார்கள்.

ஆர்ம்பார்_அண்ணாச்சி

அருமை டோக்கியோ. தாய்லாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முவாய் தாயில் பெரிய பெயர்கள் பெரும்பாலும் 50 முதல் 60 கிலோ ஆட்கள்தான். ரொத்தாங் தெருவில் நடந்தால் போக்குவரத்து நிற்கும். அவரும் நம் ஜான்சனும் 2022 மார்ச்சில் சிங்கப்பூரில் மோதினார்கள். ஒரு ரவுண்டு முவாய் தாய், அடுத்த ரவுண்டு எம்எம்ஏ. முதல் ரவுண்டை ஜான்சன் தாக்குப்பிடித்தார், இரண்டாவதில் கழுத்தைப் பிடித்து ரொத்தாங்கை மயங்க வைத்தார். யூஎஃப்சி ‘விற்காது’ என்று கைமாற்றிய சரக்கு இது.

ஹெவிவெய்ட்_ஹரி

நீங்கள் எனக்காகவே வாதாடுகிறீர்கள். ஜப்பானிலும் தாய்லாந்திலும் அந்த உடம்பு ஊருக்கே பழகிய உடம்பு, அதனால் விற்கிறது. அமெரிக்காவில் பழகாத உடம்பு, விற்கவில்லை. அப்படியானால் எடை முக்கியம்தானே? ஊருக்கு ஊர் எல்லைக்கோடு மாறுகிறது, அவ்வளவுதான். யூஎஃப்சி அமெரிக்கக் கடை. அமெரிக்கக் கடையில் 57 விற்கவில்லை.

கணக்குப்பிள்ளை

இதை மறுக்க முயன்று பார்க்கிறேன். பிராண்டன் மொரேனோ. டிஹுவானா பையன், வீட்டில் பினாட்டா பொம்மை செய்யும் தொழில். 2018ல் யூஎஃப்சி ஃப்ளைவெய்ட் பிரிவையே மூட நினைத்தபோது இவரையும் வெளியே அனுப்பியது. வெளியே போய் வேறொரு பெல்ட்டை வாங்கிக்கொண்டு 2019ல் திரும்பி வந்தார். 2020 டிசம்பரில் ஃப்ளைவெய்ட் சாம்பியன் ஃபிகெய்ரேடோவுடன் டிரா. 2021 ஜூனில் கழுத்தைப் பிடித்து முடித்து, மெக்சிகோவில் பிறந்த முதல் யூஎஃப்சி சாம்பியன் ஆனார். 2022ல் தோற்றார், 2023 ஜனவரியில் ரியோவில் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். ஒரே ஜோடி நான்கு முறை.

2024 பிப்ரவரியிலும் 2025 மார்ச்சிலும் மெக்சிகோ சிட்டியில் அவரைத்தான் தலைப்பில் போட்டார்கள். அமெரிக்கக் கடையே 57 கிலோவை முன்னால் வைத்தது.

ஹெவிவெய்ட்_ஹரி

மெக்சிகோவில் வைத்தது! அந்த நான்கு ஃபைட்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதுதான் மெயின் ஈவென்ட், அதுவும் கொரோனா காலத்தில் ஆளில்லாத கூடத்தில், மற்ற டைட்டில் ஃபைட்கள் நடக்காமல் போனதால். இரண்டாவதில் தலைப்பு அடேசன்யா-வெட்டோரி. மூன்றாவதில் இங்கானூ-கான். நான்காவதில் டெய்ஷேரா-ஹில். வரலாற்றிலேயே சிறந்த தொடர் மோதல்களில் ஒன்று என்கிறீர்கள், போஸ்டரில் கீழ்வரிசை. பிறகு ஃப்ளைவெய்ட் சாம்பியன் ஆன பாந்தோஜாவின் கதையும் இதேதான். 2024 டிசம்பரில் கய் அசகுராவுடன் தலைப்பில் வந்தார் என்றால், பெலால் முகமது காலில் நோய்த்தொற்று வந்து விலகியதால் வந்தார்.

தீபா_கிக்பாக்சிங்

ஆளில்லாத கூடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், பயிற்சி செய்கிற ஆளாக. பெரிய அரங்குகளில் யூஎஃப்சி கூண்டு 30 அடி குறுக்களவு. லாஸ் வேகாஸில் உள்ள ஏபெக்ஸ் கூடத்தில் 25 அடி. பரப்பளவில் பார்த்தால் பெரியதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் தேறும்.

30 அடிக் கூண்டில் 120 கிலோ ஆட்கள் இரண்டு பேர் நின்றால் இடம் நிறைந்துவிடும். இரண்டு எட்டு வைத்தால் முதுகு வேலியில் முட்டும், சண்டை தானாக வரும். அதே கூண்டில் 57 கிலோ ஆட்கள் நின்றால் மைதானம் மாதிரி இருக்கும். கால் வேகம் உள்ளவர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கலாம். டாட்சன் அப்படித்தான் எத்தனையோ ரவுண்டுகளை ஓட்டினார். டொராண்டோவில் கூட்டம் கத்தியதற்கு ஜான்சனின் எடை பாதிக் காரணம் என்றால், அந்த எடைக்குப் பொருந்தாத கூண்டு மீதிக் காரணம்.

ஃபிகெய்ரேடோ-மொரேனோ முதல் மோதல் ஏபெக்ஸில், சின்னக் கூண்டில் நடந்தது. 25 நிமிடமும் இருவரும் ஒருவர் மீது ஒருவர். ஒதுங்க இடமே இல்லை. இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. குதிரைக்கும் ஆட்டுக்கும் ஒரே அளவு தொழுவத்தைக் கட்டிவிட்டு, ஆடு ஏன் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

ஆர்ம்பார்_அண்ணாச்சி

தீபா சொன்ன கூண்டு விஷயத்தை எந்த வர்ணனையாளரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை. குறைந்தபட்சம் 61 கிலோவுக்குக் கீழே உள்ள ஃபைட்களைச் சின்னக் கூண்டில் வைத்தால் என்ன கெட்டுப்போகும்? ஒரே இரவில் இரண்டு கூண்டு மாற்றுவது சிரமம், புரிகிறது. முழு கார்டையும் சின்னக் கூண்டில் வைக்கலாமே.

ஹெவிவெய்ட்_ஹரி

வைத்தால் ஹெவிவெய்ட் நாக்அவுட்களும் இன்னும் கூடும். எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

கிண்டல் போகட்டும். கூண்டு வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஃபைட் நன்றாக இருக்குமா என்பதற்குப் பதில். டிக்கெட் விற்குமா என்பது ஃபைட் தொடங்குவதற்கு முன்னால் முடிவாகிற விஷயம். முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு வாங்குகிறார்கள். ஷான் ஓ’மாலி 61 கிலோ. வண்ண வண்ணத் தலைமுடி, முகத்தில் பச்சை குத்தல். 2023 ஆகஸ்டில் பாஸ்டனில் ஸ்டெர்லிங்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். 2024 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் மெராபுடன் மோதியபோது அதுவரை யூஎஃப்சி பார்க்காத டிக்கெட் வசூல், இரண்டு கோடி டாலருக்கு மேல். அந்த அரங்கின் கவர்ச்சியும் சேர்ந்துதான். 61ல் இது முடிகிறது, 57ல் முடியவில்லை. நான்கு கிலோவில் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான்கு கிலோவில் பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. 2006 கடைசியில் டபிள்யூஇசி என்ற இன்னொரு எம்எம்ஏ நிறுவனத்தை வாங்கி, 61, 66 கிலோ ஆட்களுக்கென்றே தனி மேடையாக வளர்த்தார்கள். யுராயா ஃபேபர் 2008 ஜூனில் சாக்ரமென்டோவில் ஜென்ஸ் பல்வருடன் மோதியபோது அரங்கம் இடிந்து விழாத குறை. கேபிள் டிவியில் மூன்றரை ஆண்டு ஓடி, ரசிகர்களைச் சேர்த்து, 2010 கடைசியில்தான் யூஎஃப்சியோடு இணைத்தார்கள். ஆல்டோ, ஃபேபர், குரூஸ் எல்லாம் அங்கே பெயர் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஃப்ளைவெய்ட்டுக்கு அந்த நாற்றங்கால் கிடைக்கவில்லை. 2012ல் நான்கு பேரை வைத்து ஒரு சின்னப் போட்டி, நேரே பெல்ட், நேரே பே-பெர்-வியூ. ஆறே ஆண்டில் ‘ஓடவில்லை’ என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2019 ஜனவரியில் 61 கிலோ சாம்பியன் டில்லஷா பிரிவையே முடித்துவைக்க இறங்கி வந்தார். செஹூடோ அவரை 32 நொடியில் முடித்தார். டில்லஷா ஊக்கமருந்தில் மாட்டி இரண்டு ஆண்டு தடை வாங்கியது தனிக் கதை. அந்த 32 நொடி இல்லையென்றால் இன்று மொரேனோ ஏது, பாந்தோஜா ஏது?

ஞாயிறுகாலை_ரசிகன்

இதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன், மெனக்கெடவில்லை என்று.

ஹெவிவெய்ட்_ஹரி

இல்லை, அவர் சொல்வது ‘நேரம் கொடுக்கவில்லை’. நீங்கள் சொன்னது ‘விளம்பரம் செய்யவில்லை’. இரண்டும் ஒன்றில்லை. விளம்பரம் செய்தார்கள், ஃபாக்ஸில் நான்கு முறை. நேரம் கொடுக்கவில்லை என்பதை வேண்டுமானால் பேசலாம்.

தீபா_கிக்பாக்சிங்

நம் பக்கம் ஒன்று கேட்கிறேன். யூஎஃப்சியில் இந்தியக் கொடியோடு இறங்கியவர்களைப் பாருங்கள். பரத் கண்டாரே ஃபெதர்வெய்ட். அன்ஷுல் ஜூப்லி லைட்வெய்ட். 2024 ஜூனில் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர், 52 கிலோ. ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ரவி தஹியா, அமன் ஷெராவத் இருவரும் 57 கிலோவில் பதக்கம் வாங்கியவர்கள். பாரிஸில் வினேஷ் போகாட்டை 100 கிராம் அதிகம் என்று வெளியேற்றியபோது, எடை பார்க்கும் காலை என்றால் என்ன என்று நாட்டில் எல்லா வீட்டிலும் பேசினார்கள்.

நாளை இந்தியாவிலிருந்து ஒரு சாம்பியன் வந்தால் அவர் அநேகமாக 70க்குக் கீழேதான் இருப்பார். அன்றைக்கும் ‘சின்ன எடை, கூட்டம் வராது’ என்பீர்களா ஹரி அண்ணா? ஞாயிறு காலை ஏழரைக்கு டிவி முன்னால் முதல் ஆளாக நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஹெவிவெய்ட்_ஹரி

உட்காருவேன், கொடிக்காக. அதுவும் எடைக்காக இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ_வாசி

ஜப்பானில் டென்ஷினுக்காக உட்கார்ந்ததும் இப்படித்தானே? மெக்ரெகருக்காக அயர்லாந்தே லாஸ் வேகாஸில் இறங்கியதும் இப்படித்தான்.

2025 டிசம்பரில் ஃப்ளைவெய்ட் பெல்ட் ஜோஷுவா வானிடம் போனது. பாந்தோஜாவுக்கு 26 நொடியில் கையில் காயம், அத்தோடு முடிந்தது. வான் மியான்மரில் பிறந்து அகதியாக ஹூஸ்டனுக்குப் போனவர், அப்போது இருபத்து நான்கு வயது. மியான்மர்க்காரர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள், இங்கே டோக்கியோவிலும் நிறையப் பேர். அவர்கள் பேசுவதைக் கேட்டால் எடை பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

கணக்குப்பிள்ளை

அதோடு 2026லிருந்து அளவுகோலே மாறுகிறது. பாரமவுண்ட் ஊடக நிறுவனத்துடன் ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம். அமெரிக்காவில் பே-பெர்-வியூவே கிடையாது, மாதச் சந்தாவில் எல்லாம் வரும். ‘ஜான்சன் ஒரு லட்சம்தான் விற்றார்’ என்று இனி யாரையும் அடிக்க முடியாது. முழு கார்டும் ஏற்கனவே விற்றாகிவிட்டது, யார் தலைப்பில் வந்தாலும் பணம் ஒன்றுதான்.

ஹெவிவெய்ட்_ஹரி

சரி, பணம் ஒன்றுதானே. அப்படியானால் இனி எந்தச் சாக்கும் இல்லை. வானை ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய கார்டுகளில் தலைப்பில் போடட்டும். போடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? விற்பனைக் கவலையே இல்லாதபோதும் போடவில்லை என்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கே 57ல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஆர்ம்பார்_அண்ணாச்சி

அதை நாங்கள் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம் தம்பி. குற்றம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான்.

ஹெவிவெய்ட்_ஹரி

அவர்கள் கூட்டத்தைப் படித்தவர்கள். குற்றம் கூட்டத்தின் மேல்.

புதுவரவு_92

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் மெக்ரெகர், கபீப் தவிர யாரையும் பார்த்ததில்லை. இந்த 57 கிலோ ஃபைட்களில் முதலில் எதைப் பார்ப்பது?

ஆர்ம்பார்_அண்ணாச்சி

ஃபிகெய்ரேடோ-மொரேனோ முதல் மோதல், யூஎஃப்சி 256. பிறகு ஜான்சன்-போர்க். கடைசியாக ஜான்சன்-ஹொரிகுச்சி, 25 நிமிடமும் நகராமல் உட்கார்ந்து பாருங்கள்.

ஹெவிவெய்ட்_ஹரி

அதற்கு முன்னால் இங்கானூ-ஓவரீம், 2017 டிசம்பர். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

ஆர்ம்பார்_அண்ணாச்சி

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஹரிக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால்தான் ஹொரிகுச்சி கை தட்டி ஒத்துக்கொண்ட அந்தக் கடைசி நொடியை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.